மேடு தெரியாத ஊரில் மேடு ஏறுவது

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பவரை நிறுத்தி, "எந்தக் குன்றின் மேல் ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னை, நடுவில் தட்டைப் பாதை. ஆனால் கேள்வியில் தப்பில்லை. 1966-ல் அங்கே கடலைத் தூர்க்கத் தொடங்கியபோது மண் வந்தது பிடோக் பக்கத்துக் குன்றுகளிலிருந்துதான். குன்றைச் சீவி, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, கடலுக்குள் கொட்டினார்கள். அவர் மிதிப்பது மலையைத்தான். மலை படுத்துக் கிடக்கிறது, அவ்வளவே.

சிங்கப்பூரில் மேட்டுச் சாலைகளைத் தேடி சைக்கிளில் கிளம்புகிறவர் முதலில் மறக்க வேண்டியது உயரத்தை. தீவின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சிரைத்து ஏறியவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இங்கே ரசிக்க வேண்டியது சாலையின் போக்கு. ஒரு சாலை நெளிந்து, ஏறி இறங்கிப் போனால் அது பெரும்பாலும் புல்டோசருக்கு முந்தியது; நிலம் சொன்னபடி கேட்டுப் போட்ட சாலை. அம்பு போல நேராக, ஒரே மட்டமாகப் போனால் நிலத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள். கார் ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. சைக்கிள்காரரின் தொடை உடனே சொல்லிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? தேக்காவிலிருந்தே தொடங்கலாம். பூக்கடைகளில் மாலை கட்டத் தொடங்கும் நேரத்தில் சிராங்கூன் சாலையில் மிதித்தால் கால் சொல்லும் முதல் செய்தி: இங்கே மேடே இல்லை. அதுவே இந்த வட்டாரத்தின் கதை. தாழ்ந்த நிலம், பக்கத்தில் ரோச்சோர் ஆற்றுத் தண்ணீர், வேண்டிய மட்டும் புல். மாடு வளர்த்தவர்கள் இங்கே தொழுவம் போட்டார்கள். பஃபலோ சாலை, கெர்பாவ் (மலாயில் எருமை) சாலை என்று அந்த எருமைகள் இன்னும் பெயர்ப்பலகையில் நிற்கின்றன. குதிரைப் பந்தயத் திடலும் 1933 வரை இங்கேதான் இருந்தது, ரேஸ் கோர்ஸ் சாலை அதன் மிச்சம். மேட்டில் கவர்னர் மாளிகை (இன்றைய இஸ்தானா), பள்ளத்தில் மாட்டுக் கொட்டகை என்ற பழைய கணக்கை இஸ்தானா வளாகத்தின் ஓரமாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

தீவின் மேட்டுச் சாலைகளைப் போட்டவர்கள் யார் என்பதை தமிழ் வாசகர் தெரிந்துகொண்டு ஏறினால் ரசனை கூடும். 1825 முதல் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள், சென்னை மாகாணத்தார் உட்பட, இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1873 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. காட்டை வெட்டினார்கள், கல் உடைத்தார்கள், புலி திரிந்த இடங்களில் சாலை போட்டார்கள். புக்கிட் தீமா குன்றின் உச்சிக்கு 1843-ல் பாதை வெட்டப்பட்டது. புக்கிட் தீமா சாலை 1845-ல் கிராஞ்சி வரை எட்டியது. அதே 1845-ல் தெற்கே ஒரு குன்றின் மேல் கப்பல்களுக்குக் கொடி காட்டும் நிலையம் வைக்க வேண்டியிருந்தது. உச்சிவரை குறுகலான பாதை போடச் செய்தவர் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவின் கேப்டன் ஃபேபர். அந்தக் குன்றுதான் இன்றைய மவுண்ட் ஃபேபர்.

ஃபேபர் மேட்டில் விடிகாலையில் எப்போதும் நாலைந்து பேர் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர் செய்யும் தவறு, முதல் வளைவிலேயே எழுந்து நின்று மிதிப்பது. தேவையில்லை. சின்ன கியரில் போட்டு, உட்கார்ந்தபடியே, வளைவின் வெளிப்பக்கத்தைப் பிடித்தால் சரிவு குறையும், உட்பக்கம்தான் செங்குத்து. ஆனால் வெளிப்பக்கம் போகுமுன் பின்னால் கார் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மழை பெய்த மறுநாள் வளைவின் ஓரத்தில் ஈர இலைகள் ஒட்டிக் கிடக்கும். இறங்கும்போது அதன்மேல் பிரேக் பிடிக்கக் கூடாது. பிடிப்பதை முன்பே பிடித்து முடித்திருக்க வேண்டும்.

மேற்கே சவுத் புவனா விஸ்தா சாலை இன்னொரு ரகம். சீனர்கள் இதைத் தொண்ணூற்றொன்பது வளைவு என்றார்கள். எண்ணிப் பார்த்தால் அத்தனை தேறாது. ஆனாலும் பெயர் வைத்தவர் ரசிகர்தான்.

இந்த நெளிவுகளுக்கு நேர் எதிர், ரயில் காரிடார். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் வரை 24 கிலோமீட்டர். மலாயா ரயில்கள் ஓடிய தடம். கடைசி ரயில் 2011 ஜூன் 30 அன்று போனது, அதை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது என்பதால் இங்கே குன்று வந்தால் வெட்டியிருக்கிறார்கள், சாலை குறுக்கே வந்தால் இரும்புப் பாலம் போட்டுத் தாண்டியிருக்கிறார்கள். புக்கிட் தீமா சாலையைத் தாண்டும் பாலத்தருகே நின்று பார்த்தால் கீழே வாகனங்கள் நெரிசலில் நிற்கும், மேலே பாதை மட்டமாகக் காட்டுக்குள் நழுவும். 1932-ல் கட்டிய சிறிய புக்கிட் தீமா ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்பு ரயில் டேங்க் சாலை வரை வந்துகொண்டிருந்தது, தைப்பூசக் காவடிகள் போய்ச் சேரும் அதே தண்டாயுதபாணி கோயில் பக்கம். காரிடாரில் பல இடங்களில் பொடிக்கல் தரை. மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிளை விடச் சாதாரண வண்டியே இங்கே சுகம்.

சாதாரண வண்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாயிரம் வெள்ளி கார்பன் சைக்கிள் இல்லாமல் இந்த ரசனை வாய்க்காது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. துவாஸ், சுங்கை காடுட் பக்கம் ஊழியர் விடுதி வாசல்களில் வரிசையாக நிற்கும் ஒற்றை கியர் வண்டிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முன்னால் கூடை, பின்னால் கேரியர், எந்த மேட்டில் எப்போது இறங்கித் தள்ள வேண்டும் என்ற தெளிவு. போதும்.

ஒரே ஒரு சாலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஓல்டு அப்பர் தாம்சன் சாலையைத் தேர்ந்தெடுக்கலாம். இருபுறமும் காடு கவிந்த ஒருவழிப் பாதை. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் கார், மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயம் ஓடிய 4.8 கிலோமீட்டர் சுற்றின் ஒரு பகுதி இது. டெவில்ஸ் பெண்ட் என்று பந்தயக்காரர்கள் பயந்த வளைவு இன்னும் அப்படியே இருக்கிறது. இறக்கத்தில் வேகம் கூடக்கூட வளைவு இறுகும்; ஏன் அந்தப் பெயர் என்று கைப்பிடி அதிர்வே விளக்கிவிடும். ஆனால் வேகத்தை இங்கே அடக்கித்தான் ஆக வேண்டும். ராஃபிள்ஸ் பேண்டட் லங்கூர் என்ற அரிய இலைக்குரங்கு சாலையைத் தாண்டிப் போகும் இடம் இது. அதற்காகவே இரண்டு தடச் சாலையை ஒரு தடமாகக் குறுக்கி, மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் வேறொரு குரங்கு கூட்டமாக வரும், அது அரியதல்ல.

வழியில் தாம்சன் இயற்கைப் பூங்கா. 2019-ல் திறந்தார்கள். 1930-களிலிருந்து 1980-கள் வரை இங்கே ஹைனான் சீனர்களின் கிராமம் இருந்தது. சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து உள்ளே போனால் வாயில் தூண், படிக்கட்டு, இடிந்த சுவர். வீடு எது, தோட்டம் எது என்று குழப்பமாக இருந்தால் மரங்களைப் பார்க்க வேண்டும். காட்டு மரங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு ரம்புத்தான் நின்றால் அங்கே யாரோ குடியிருந்து, வாசலில் நட்டிருக்கிறார்கள். மேட்டின் முதுகில் சாலை, சரிவில் படிப்படியாக வீடுகள் என்று ஊர் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதைக் கண்டுபிடிப்பதே அரை மணி நேர வேலை.

உயிரோடு இருக்கும் கிராமம் வேண்டும் என்றால் சிராங்கூன் சாலையிலேயே வடகிழக்காகப் போய், யியோ சூ காங் சாலை வழியாக ஜெரால்டு டிரைவுக்குள் திரும்ப வேண்டும். தேக்காவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். கம்போங் லோரோங் புவாங்கோக், சிங்கப்பூரின் முதன்மைத் தீவில் மிஞ்சிய கடைசி கிராமம். தகரக் கூரை, மர வீடு, சிறிய சூராவ் (தொழுகைக்கூடம்), மண் பாதை. பள்ளமான இடம் என்பதால் மழைக்கு வெள்ளம் புகுந்த வரலாறு உண்டு. இது தனியார் நிலம், ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதும், கொடியில் காயும் துணியைப் படம் எடுக்காமல் இருப்பதும் மரியாதை.

நடைமுறைக்கு வருவோம். சூரியன் ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது. ஆறு மணிக்குக் கிளம்பினால் விளக்கு அவசியம். சாலையில் தலைக்கவசம் சட்டம். கூட்டமாகப் போனால் 2022 முதல் ஒரு வரிசையில் ஐந்து சைக்கிள்களுக்கு மேல் கூடாது, இருவர் இருவராகப் போனால் மொத்தம் பத்துப் பேர். விரைவுச்சாலைப் பக்கமே போகக் கூடாது. மற்றபடி அப்பர் தாம்சன் வட்டாரத்தில் பரோட்டாக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு கோசோங் (வெறும் பரோட்டா), ஒரு முட்டை, ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) என்று சொல்லிவிட்டு உட்காரும் சைக்கிள்காரர்களில் பாதிப் பேர் மேட்டுக்காக வந்தவர்களா, பரோட்டாவுக்காக வந்தவர்களா என்பது சந்தேகமே.

இன்னும் ஒரு நாள் கிடைத்தால் புலாவ் உபின் தீவு. சாங்கி படகுத் துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஆள் சேரும்வரை காத்திருக்க மனமில்லாதவர்கள் மீதி இடங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடலாம். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். அக்கரையில் வாடகைக்கும் கிடைக்கும், பிரேக்கைச் சோதித்து எடுப்பது நல்லது. இந்தத் தீவின் கருங்கல்தான் 1851-ல் ஒளி வீசத் தொடங்கிய ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கத்துக்கும், பின்னர் 1920-களில் ஜோகூர் கடற்பாலத்துக்கும் போனது. மேட்டைச் சீவிக் கடலில் போட்ட ஈஸ்ட் கோஸ்ட் மண்ணைப் போலவே இதுவும் தீவிலிருந்து கடலுக்கு நடந்த கல். புவாக்கா குன்றின் கடைசி ஏற்றத்தில் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு நடந்து ஏறலாம். 75 மீட்டர்தான். உச்சியிலிருந்து பார்த்தால் கல் எடுத்த பள்ளம் பச்சைத் தண்ணீர் ஏரியாகத் தெரியும். மாலைக்குள் துறைக்குத் திரும்பிவிட வேண்டும். இருட்டிய பிறகு 12 பேர் சேர மாட்டார்கள்.