பள்ளும் நெல்லும்

பள்ளு நூல்களில் நெல்வகைகளை அடுக்கிக் கூறும் பகுதி வந்ததும் நம் பண்டிதர்கள் ஏட்டைப் புரட்டிவிடுவது வழக்கம். பள்ளியர் ஏசலில் நகைச்சுவை உண்டு, நாட்டு வளத்தில் அணி உண்டு. வெறும் பெயர்ப் பட்டியலில் என்ன சுவை என்பது அவர்கள் கட்சி. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு போன்ற நூல்களை மதிப்பிடுகையில் இக்கட்சியை நாம் ஏற்பதற்கில்லை. பள்ளிலக்கியத்தில் வரலாறு பேசும் இடம் அப்பட்டியலேயாகும்.

காட்டு நெல்லின் மணி முற்றியதும் தானே உதிர்ந்துவிடும். அதன் இனம் பரவுவது அவ்வாறே. உதிராத கதிர் காட்டில் தழைப்பதில்லை. அறுப்பவர் கைக்கோ அதுவே அகப்படும். அறுத்ததையே மீண்டும் விதைக்க, உதிராக் குணம் தலைமுறைதோறும் பெருகிற்று. எஸ்எச்4 என்னும் மரபணு ஆக்கும் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியது இதற்குப் பெருங்காரணம் என 2006 இல் ஆய்வாளர் காட்டினர். நிறத்தின் கதையும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. ஆர்சி என்ற மரபணுவில் 14 கண்ணிகள் அற்றுப்போக, அரிசி வெளுத்தது. உலகின் வெள்ளை அரிசிகளுள் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே மாற்றத்தின் வழிவந்தவை. இனம்விட்டு இனம் கலந்தே அது பரவிற்று. (குலத்தூய்மை பேசுவோர் உண்ணும் சோற்றுக்குக் குலத்தூய்மை கிடையாது!) நமது மொட்டைக்கறுப்பனோ பழைய சிவப்பைக் கைவிடவில்லை.

வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், புழுதியில் விதைத்து மாரிமழைக்குக் காத்திருக்கும் வயலில், எந்த வித்து நிற்கும், எது சாயும் என்று கண்டு பிரித்தவர் யார்? பள்ளு தன்னை அறியாமலே விடை கூறுகிறது. வித்துவகைகளின் கணக்கு, பண்ணைக்காரன் முன் நிற்கும் பள்ளன் வாயிலிருந்தே வருகிறது. பெயர்களுட் சில மரபு கருதிச் சேர்ந்தவையாயிருக்கலாம். ஆயினும் அவ்வறிவுக்கு உரியவன் அவனே என்பதைப் புலவரால் மறைக்க இயலவில்லை. அவனையே தொழுவில் மாட்டி நகையாடுவதும் இவ்விலக்கிய மரபுதான். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை பள்ளரை அடிமைகளுள் வைத்தது. சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1844 இல். இடைப்பட்ட காலத்தில் பாடிய புலவர் அந்த அமைப்பை வினவவில்லை. அவர் கவித்திறத்தைப் போற்றுவோர் இக்குறையையும் சொல்லியாக வேண்டும்.

பள்ளுக்கு இனி உரை காண்போர், ‘இவை நெல்வகைகள்’ என்று ஒரு வரியோடு அமையலாகாது. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் இன்றும் நம் வயல்களில் விதைக்கப்படுகின்றன. பட்டியலிலுள்ள ஏனையவற்றுள் எவை எஞ்சின, எவை அழிந்தன என்பதை வயலில் இறங்கி உழைப்போரிடம் கேட்டு எழுதட்டும். மாணவரையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.