எஞ்சிய பகுதியும் இழந்த முழுமையும்

ஒரு படைப்பினை முழுமையாகக் காணாமலே அதன் தகுதியை நிர்ணயஞ் செய்துவிடும் பிழையை நாமும் செய்திருக்கின்றோம். பல்கலைக்கழக மாணவராயிருந்த காலத்தில், ‘டொக்டர் ஹூ’ என்னும் பிரித்தானிய விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடரில் ‘உலகின் எதிரி’ என்ற கதையின் ஒரேயொரு பகுதியைப் பார்த்துவிட்டு, இது மலிவானதோர் உளவுக்கதை என்று நண்பர்களிடம் தீர்ப்புக் கூறினோம். ஆறு பகுதிகள் கொண்ட கதையில் அன்று பார்க்கக் கிடைத்தது மூன்றாம் பகுதி மட்டுமே. அத்தீர்ப்பினை இப்போது மீளப்பெற வேண்டியிருக்கின்றது.

சனிக்கிழமை மாலைகளிற் குடும்பத்தினர் கூடியிருந்து பார்க்கும் பொழுதுபோக்கை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வானேன் என்று சிலர் வினவலாம். 1963 நவம்பர் 23ஆம் நாள் பி.பி.சி. ஒளிபரப்பத் தொடங்கிய இத்தொடர், காலத்தையும் அண்டவெளியையும் கடந்து செல்லும் விந்தை மனிதர் ஒருவரையும் அவருடைய தோழர்களையும் பற்றியது. அதன் முதற் தயாரிப்பாளர் வெரிற்றி லம்பேர்ட் என்னும் இளம் பெண். முதற் கதையை நெறிப்படுத்தியவர் இலக்னோவிற் பிறந்த வாரிஸ் ஹுசைன். தம் இனமல்லாத யாவற்றையும் அழித்தொழிக்கப் புறப்படும் ‘டலெக்’ என்னும் உலோகக் கூட்டுயிர்களை நாஜிகளை மனத்திற்கொண்டே ரெறி நேஷன் படைத்தார். பொழுதுபோக்கு என்ற பெயரால் கோடிக்கணக்கான உள்ளங்களிற் புகும் கருத்துக்களை ஆராயாது விடுதல், விமர்சகன் தன் கடமையினின்று நழுவுதலேயாகும்.

1960களில் ஒளிபரப்பான 253 பகுதிகளிற் பெருந்தொகையானவை அழிக்கப்பட்டன. தீவிபத்தோ யுத்தமோ அவற்றை அழிக்கவில்லை. அவற்றை உருவாக்கிய நிறுவனமே அழித்தது. ஒளிநாடா விலையுயர்ந்தது, அழித்துவிட்டு மீண்டும் பதிவு செய்யக்கூடியது. நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பை மட்டுப்படுத்தியிருந்தன. வெளிநாடுகளுக்கு விற்பதற்கென எடுக்கப்பட்ட படச்சுருள்களும், விற்பனையுரிமைக் காலம் முடிந்ததும் எறியப்பட்டன. வர்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைப் படங்களை வாங்குவாரும் அருகினர். ஒரு பிரிவினர், மற்றப் பிரிவினர் பிரதி வைத்திருப்பர் என எண்ணிக்கொண்டனர். 1967இலிருந்து 1978வரை இவ்வழிப்பு நடைபெற்றது. மக்களிடம் அறவிட்ட அனுமதிக் கட்டணத்தாற் படைக்கப்பட்ட ஒன்று, சந்தையில் விலைபோகாது என்ற காரணத்தாற் குப்பைக்குச் சென்றது. இதனை எழுதுவினைஞர்களின் கவனக்குறைவு என்று மட்டுங் கூறி அமைதல் பொருந்தாது. பண்டமாக மாறாத கலைக்கு அந்த ஏற்பாட்டில் இடமிருக்கவில்லை.

நிறுவனம் எறிந்ததை இரசிகர்கள் காத்தனர். வீடுகளில் ஒளிப்பதிவு செய்யும் வசதி இல்லாத அக்காலத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்து, ஒலியை மட்டும் நாடாவிற் பதிந்துகொண்டோர் சிலர். வீட்டார் இருமினாலும் கதவு சாத்தப்பட்டாலும் அதுவும் நாடாவில் ஏறிவிடும் நிலை. அவ்வாறு பதிந்தவர்களிற் பள்ளிச் சிறுவரும் இருந்தனர். அவர்களுடைய உழைப்பினால், படம் அழிந்த பகுதிகள் அனைத்துக்கும் ஒலி எஞ்சியது. ஜோன் கியூரா என்பார் தொழில்முறையில், ஓடிக்கொண்டிருக்கும் திரையைப் புகைப்படமெடுத்து நடிகர்களுக்கும் நெறியாளர்களுக்கும் விற்றுவந்தார். பிற்காலத்து இரசிகர்கள் அந்நிழற்படங்களை ஒலியோடு இணைத்து, அழிந்த பகுதிகளை ஒருவாறு மீட்டமைத்தனர். வெற்று நாடா அனுப்புவோர்க்கு இலாபமெதுவுங் கருதாது படியெடுத்து அளித்தனர். பின்னர் அவை இணையவழி கைக்குக் கை மாறின. நாம் இத்தொடரைக் கண்டடைந்ததும் இவ்வழியாற்றான். செல்லரித்த ஏடுகளைத் தேடியலைந்த பதிப்பாசிரியர்களை அறிந்த நமக்கு இவ்வுழைப்பின் பெறுமதி விளங்காமற் போகாது.

இவ்விடத்து விசித்திரமானதொரு செய்தியையும் குறிப்பிடலாம். அவுஸ்திரேலியாவில் இத்தொடர் காட்டப்பட்டபோது, சிறுவருக்கு அச்சமூட்டும் எனக் கருதப்பட்ட காட்சிகளைத் தணிக்கையாளர் வெட்டியெடுத்தனர். அத்துண்டுகளை 1996இல் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து இரசிகர்கள் மீட்டெடுத்தனர். முழுப்பகுதி அழிந்துபோக, ‘மக்கள் பார்க்கத்தகாதன’ என்று தீர்ப்பிடப்பட்ட கணங்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன! தணிக்கையாளரின் கத்தரிக்கோல் இவ்வாறு கலைக்குத் தொண்டு செய்ததைப் பிறிதெங்கும் நாம் அறியோம்.

2013இல் பிலிப் மொறிஸ் என்பார், நைஜீரியாவின் ஜொஸ் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றிற் கிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தமை அறிவிக்கப்பட்டது. காணாமற்போயிருந்தவற்றில் ஒன்பது பகுதிகள் அதனால் மீண்டன. இழப்பின் எண்ணிக்கை 106இலிருந்து 97ஆகக் குறைந்தது. ‘உலகின் எதிரி’ கதையின் எஞ்சிய ஐந்து பகுதிகளும் அவற்றுள் அடங்கும். முன்னாட் குடியேற்ற நாடொன்றுக்கு விற்கப்பட்டு அங்கேயே மறக்கப்பட்ட சுருள்கள், தலைநகரம் தொலைத்ததைத் தலைநகரத்துக்கு மீட்டளித்தன.

டேவிட் விற்றேக்கர் எழுதி, பரி லெற்ஸ் நெறிப்படுத்திய இக்கதை 1967 டிசெம்பர் 23 முதல் 1968 ஜனவரி 27 வரை ஒளிபரப்பானது. கதை நிகழ்வது 2018இல். சூரிய ஒளியைத் திரட்டிப் பயிர்நிலங்களிற் பாய்ச்சும் கருவியால் உலகின் பசியைத் தீர்த்தவன் என்று போற்றப்படுகின்றான் சலமாண்டர். பூகம்பங்களையும் எரிமலைகளையும் முன்கூட்டியே அறிந்து எச்சரிப்பவன் என்ற புகழும் அவனுக்குண்டு. தனக்கு இணங்காத அதிகாரிகளை அவ்வனர்த்தங்களின் பெயராலேயே பதவியிறக்குகின்றான். அவனுக்கும் கதாநாயகராகிய டொக்டருக்கும் ஒரே முகம். இரு வேடங்களையும் தாங்குபவர் பற்றிக் ட்றவுட்டன்.

நாம் முன்னர் கண்ட மூன்றாம் பகுதி பெரிதும் சமையலறையிலும் நடைவழிகளிலும் நிகழ்வது. கதையின் உயிர் நான்காம் பகுதியிலேதான் வெளிப்படுகின்றது. நிலத்தின் அடியில் ஒரு கூட்டம் ஐந்தாண்டுகளாக அடைபட்டு வாழ்கின்றது. மேலே அணுயுத்தம் நடைபெறுவதாக அவர்கள் நம்புகின்றனர். கதிர்வீச்சினூடு உயிரைப் பணயம் வைத்து உணவு கொண்டுவரும் காவலனாகச் சலமாண்டர் அவர்கள் முன் நடிக்கின்றான். பகைவரை அழிப்பதாக எண்ணி அம்மக்கள் இயந்திரங்களை இயக்க, மேலே பூகம்பம் எழுகின்றது, எரிமலை வெடிக்கின்றது. அனர்த்தத்தை உண்டாக்குபவனே அதை முன்னறிவிப்பவனாகவும் அதிலிருந்து காப்பவனாகவும் விளங்கும் இரகசியம் இதுவே. அதனை ஆக்கிக் கொடுக்கும் கைகளோ தாம் என்ன செய்கின்றோம் என்பதை அறியாத உழைப்பாளரின் கைகள்.

உணவுப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டுவந்த பத்திரிகைத் துண்டொன்று இப்பொய்யை உடைக்கின்றது. உல்லாசக் கப்பலொன்று மூழ்கியதென்ற செய்தி அதிலுள்ளது. யுத்தத்தால் அழிந்த உலகில் உல்லாசக் கப்பல் ஏது? அக்கூட்டத்தின் தலைவனான சுவான், துண்டைச் சலமாண்டரிடம் நீட்டி விளக்கங் கேட்கின்றான். அப்போது நிகழ்வதுதான் நம்மை வியக்கவைத்தது. சலமாண்டர் தடுமாறிப்போவதில்லை. மேலே மனிதர் எஞ்சியுள்ளனர் என்று ஒப்புக்கொள்கின்றான். ஆயின் அவர்கள் அறங்கெட்டு விலங்குகளாகிவிட்டனர், அழிக்கத் தக்கவர்கள் என்கின்றான். உண்மை ஒரு விரற்கடை வெளிப்பட்டதும் பொய் தன்னை அதற்கேற்பத் திருத்திக்கொள்கின்றது. ஆளும் வர்க்கச் சித்தாந்தம் செயற்படும் முறையை இத்துணைத் தெளிவாகக் காட்டிய காட்சியைப் பொழுதுபோக்குத் தொடர் ஒன்றில் நாம் எதிர்பார்க்கவில்லை. சுவான் அப்பொய்க்கும் அடங்காது மேலே செல்வதில் உறுதியாக நிற்கின்றான். அதற்கு விலையாக உயிரைக் கொடுக்கின்றான்.

ஒலிப்பதிவு இருந்ததே, அதைக் கேட்டு இவற்றை அறிந்திருக்கலாமே எனின், அறிந்திருக்கலாம், நாம் கேட்கவில்லை. கேட்டோரும் முழுமையை உணர்ந்தனர் என்று கூறமுடியாது. கடற்கரையில் மிதவைக் கலமும் ஹெலிகொப்டரும் துரத்தும் முதற்பகுதிக் காட்சிகள் ஒலியில் வெறும் இயந்திர இரைச்சலே. ட்றவுட்டனின் முகத்தில், நல்லவன் தீயவனாக நடிப்பதற்கும் தீயவன் நல்லவனாக நடிப்பதற்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடு காதுக்கு எட்டாதது. சலமாண்டரின் உணவைச் சுவைத்துப் பார்க்கும் பணியில் அமர்த்தப்பட்ட ஃபரியா என்ற கறுப்பினப் பெண்ணாக, பிரித்தானிய கயானாவிற் பிறந்த கார்மென் மன்றோ தோன்றுகின்றார். அவர் நிமிர்ந்து நிற்கும் விதமே அடிமைப்பட்டவளின் ஆத்திரத்தைச் சொல்லுகின்றது. 2013க்கு முன்னர் இரசிகர்களும் இக்கதையைப் பின்வரிசையிலேயே வைத்திருந்தனர். படம் மீண்டதும் மதிப்பீடு தலைகீழாயிற்று.

மீண்டும் கிடைத்த மகிழ்ச்சியிற் குறைகளை மறைத்தல் இரசிகர்க்கு இயல்பு. நமக்கு அது தகாது. சலமாண்டர் மெக்சிக்கோ நாட்டான். வெள்ளையரான ட்றவுட்டன் முகத்துக்குக் கருமை பூசி, உச்சரிப்பைத் திரித்து அவ்வேடத்தைப் புனைகின்றார். உலகை அடிமைகொள்ளப் பார்ப்பவன் ஏகாதிபத்திய நாடொன்றினன் அல்லன், இலத்தீன் அமெரிக்கன் என்பது தற்செயலன்று. ஃபரியாவும் நான்காம் பகுதியிற் சுட்டுக் கொல்லப்படுகின்றாள். சுவான் இறந்தபின் நிலத்தடி மக்களுக்கு உண்மையைக் கூற மேலிருந்து ஒருத்தி வரவேண்டியிருக்கின்றது. தம்மை ஏமாற்றிய இயந்திரங்களைத் தாமே நிறுத்துவோராக அவர்கள் காட்டப்படவில்லை. வில்லன் காலக்கலத்திலிருந்து வெளியே வீசப்படுகின்றான். அவனை உருவாக்கிய அதிகார அமைப்பைப் பற்றிக் கதை மேலும் ஒன்றுங் கேட்பதில்லை.

இன்னுமொன்று. கண்டெடுப்பு அறிவிக்கப்பட்ட 2013 ஒக்டோபர் 11ஆம் நாளே அப்பகுதிகள் இணைய அங்காடியில் விற்பனைக்கு வந்தன. எறிந்தபோது விலையற்றிருந்தது, பிறர் தேடிக் கொணர்ந்ததும் விலைபெற்றுவிட்டது. இரசிகர் பதிந்த ஒலிநாடாக்களும் செம்மைசெய்யப்பட்டு நிறுவனத்தின் வெளியீடுகளாக விற்கப்பட்டன. பதிந்தோரின் பெயர்கள் அவற்றிற் குறிக்கப்பட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் இரசிகர் யாவரையும் தியாகிகளாக்கவும் நாம் விரும்பவில்லை. அரிய சுருள்களைத் தனியுடைமையாகப் பூட்டிவைத்து மகிழும் சேகரிப்பாளரும் அவர்களிடையே உளர். காப்பாற்றுதலும் பதுக்குதலும் ஒரே ஆசையிலிருந்து பிறக்கக்கூடும்.

சென்ற தவணையில், உயர்தர வகுப்பு மாணவர்க்கு முதலில் மூன்றாம் பகுதியை மட்டும் காட்டி அபிப்பிராயம் எழுதச் சொன்னோம். பெரும்பாலோர் நாம் முன்னர் கூறியதையே, நம்மிலும் நல்ல தமிழில், எழுதியிருந்தனர். மறுவாரம் நான்காம், ஐந்தாம் பகுதிகளைக் காட்டினோம். படம் முடிந்ததும் ஒரு மாணவி தன் தாளைத் திரும்பக் கேட்டாள். முழுவதையும் வெட்டிவிட்டு, அந்தப் பத்திரிகைத் துண்டை உணவுப் பெட்டியில் ஒட்டியவர் யாரோ ஒரு தொழிலாளியாக இருக்கலாமென்று ஓரத்தில் எழுதித் தந்தாள். கதையில் அதற்குச் சான்றில்லை. ஆயினும் நாம் அதனைப் பிழையென்று குறியிடவில்லை.