முதலில் வெட்டுமுகத்தைப் பாருங்கள்

நத்தார் வாரத்தில் கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையில் உட்கார்ந்த கையோடு பலகாரத் தட்டு வந்துவிடும். லவ் கேக், ரிச் கேக், பால் டொபி, கொக்கிஸ் என்று தட்டு நிறைந்திருக்கும். நோன்புப் பெருநாள் என்றால் அயல்வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வரும். வெள்ளவத்தை தொடர்மாடிகளில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பிஸ்கட் புடிங் இல்லாமல் முடியாது. நாமோ கதைத்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டுக்குக் கையை நீட்டிவிடுகிறோம். செய்தவர் அரைநாள் அடுப்படியில் நின்றதற்கு இது போதாது.

வீட்டு இனிப்பை ரசிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வாயில் வைக்கும் முன், கத்தி இறங்கிய இடத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் ஐசிங் பூசலாம், கஜு தூவலாம், என்ன குறையையும் மறைக்கலாம். வெட்டுமுகத்தில் எதையும் மறைக்க முடியாது. செய்தவர் எங்கே பொறுத்திருந்தார், எங்கே அவசரப்பட்டார், எதற்குச் செலவழித்தார், எதில் மிச்சம் பிடித்தார் என்பதெல்லாம் அங்கே தெரியும்.

சமைக்கவே தேவையில்லாத இனிப்பில் தொடங்கலாம். சட்டித் தயிரும் கித்துள் பாணியும். மட்டக்களப்பு எருமைத் தயிர் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறத்தாழ இருமடங்கு. மண்சட்டி தயிரின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கரண்டியால் ஒரு பக்கம் அள்ளினால் மீதித் தயிர் சரியாமல் சுவர் எடுத்ததுபோல் நிற்க வேண்டும். குழியில் உடனே தண்ணீர் ஊறினால் அது அவசரத்தில் உறைந்த தயிர். பாணியைத் தயிரில் ஊற்றும் முன் ஒரு துளியைத் தனியாக நாக்கில் வையுங்கள். கித்துள் பாளையின் பதநீரை விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சித்தான் பாணி எடுக்கிறார்கள். நல்ல பாணியில் இனிப்பு முதலில் வரும், பின்னால் புகை வரும், கடைசியில் லேசான கசப்பொன்று தங்கும். சீனி கலந்த பாணியில் இனிப்பு மட்டும் வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இந்த வேறுபாட்டை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். வட்டிலாப்பமும் தொதலும் இதே கித்துளை நம்பித்தான் இருக்கின்றன.

அடுத்தது பிஸ்கட் புடிங். இதைக் குழந்தைச் சாப்பாடு என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 250 கிராம் பட்டர், அதே அளவு ஐசிங் சீனி, மூன்று நான்கு மேசைக்கரண்டி கொக்கோ, இரண்டு பக்கற் மாரி பிஸ்கட், ஒரு கோப்பை பால். அடுப்பே தேவையில்லை. எரிவாயு சிலிண்டருக்குக் கொழும்பு முழுக்க வரிசையில் நின்ற 2022இல் அதன் அருமை தெரிந்திருக்கும். பட்டரையும் ஐசிங் சீனியையும் வெள்ளையாகும்வரை அடித்து, கொக்கோ கலந்து, பாலில் தோய்த்த பிஸ்கட்டுக்கு மேல் ஓர் அடுக்கு, அதற்கு மேல் பிஸ்கட், மறுபடி கிறீம். ஓர் இரவு பிரிட்ஜில் இருக்கட்டும். அடுத்த நாள் வெட்டிய துண்டில் கறுப்பும் மங்கல் மஞ்சளுமாகக் கோடுகள் நேராக ஓட வேண்டும். கோடு கலங்கிக் களியாகியிருந்தால் பிஸ்கட் பாலில் அதிகம் கிடந்திருக்கிறது. கத்தி இறங்கும்போது நொறுங்கினால் அது பாலைத் தொட்டதும் தொடாததுமாக வந்திருக்கிறது. மேல் அண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலம் தங்கினால் பட்டருக்குப் பதில் மாஜரின் போட்டிருக்கிறார்கள். பட்டர் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும், பல மாஜரின்கள் அந்தச் சூட்டில் முழுக்க உருகுவதில்லை. செலவைப் பார்த்து மாஜரின் போடுபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் உங்கள் நாக்குக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.

வட்டிலாப்பத்தில் இருந்துதான் கை தேர்ச்சி தொடங்குகிறது. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தரின் காலத்தில் சாவகப் பக்கத்திலிருந்து இங்கே வந்த மலாய் மக்களின் அடுப்படியோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். இன்று இது முஸ்லிம் வீடுகளின் பெருநாள் இனிப்பு. தமிழ் வீடுகளிலும் விருந்தென்றால் செய்கிறார்கள். கித்துள் கருப்பட்டி 250 கிராம், கட்டியான தேங்காய் முதற்பால் ஒரு கோப்பை, ஐந்தாறு முட்டை, ஏலக்காய், ஒரு சிட்டிகை சாதிக்காய். சீவிய கருப்பட்டியைப் பாலில் கரைத்து ஆறவிட்டு, நுரைக்காமல் கலக்கிய முட்டையைச் சேர்த்து, வடிகட்டி, எண்ணெய்த்தாளால் மூடி மெல்லிய ஆவியில் முக்கால் மணி நேரம் அவிக்க வேண்டும். மூடாமல் விட்டால் மூடியில் சேர்ந்த தண்ணீர் சொட்டி மேற்பரப்பைக் கெடுத்துவிடும்.

இதன் வெட்டுமுகத்தைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. துளை ஒன்றுகூட இருக்கக்கூடாது, கண்ணாடியாக வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நான் மற்றக் கட்சி. வழுவழுப்பு கரமல் புடிங்குக்கு உரிய இலக்கணம். வட்டிலாப்பத்தில் ஊசிமுனை அளவில் துளைகள் பரவியிருந்தால் கருப்பட்டிப் பாகு அவற்றில் தங்கி, கடிக்கும்போது ஊறி வரும். அந்தச் சுகம் வழுவழுப்பான துண்டில் கிடைக்காது. ஆனால் துளைகள் பெரிதாகி, தட்டில் வெளிறிய தண்ணீர் பிரிந்து நின்றால் ஆவி கடுமையாக இருந்திருக்கிறது. முட்டை இறுகி உள்ளிருந்த நீரைப் பிழிந்துவிட்டது. அப்போது முட்டை வாடையும் சேர்ந்து வரும். தட்டில் நிற்பது கறுத்த, கனத்த பாகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். சூடாகச் சாப்பிட வேண்டாம். ஓர் இரவு குளிரில் கிடந்த வட்டிலாப்பத்தில்தான் கருப்பட்டியின் புகை முன்னுக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டிக் குட்டான் வந்து சேரும் வெள்ளவத்தை வீடுகளில் பாதிக் கித்துள், பாதிப் பனங்கட்டி என்று ஒருமுறை செய்து பாருங்கள். சுவை இன்னும் கூர்மையாக இருக்கும்.

தொதலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி, கை ஓயக் கிண்டும் ஆள், இவ்வளவுதான். வெட்டிய பக்கம் மினுங்க வேண்டும். விரலில் எண்ணெய் சற்றே படலாம், மா ஒட்டக்கூடாது.

லவ் கேக்கில் கொஞ்சம் நின்று நிதானிப்போம். பறங்கியர் வீடுகளில் வளர்ந்த கேக் இது. ஹில்டா டியூட்ரம் தொகுத்து 1929இல் முதலில் வெளிவந்த 'சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்' பல வீட்டு அலுமாரிகளில் தலைமுறை தாண்டி இருக்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு வீட்டின் அளவும் வேறு. பொதுவாக 250 கிராம் ரவை, 250 கிராம் பட்டர், அரைக் கிலோ சீனி, 250 கிராமுக்குக் குறையாத கஜு, பத்துப் பன்னிரண்டு மஞ்சட்கரு, மூன்று நான்கு வெள்ளைக்கரு, பூசணித் தோசி, தேன், பன்னீர், கறுவா, ஏலம், சாதிக்காய், தேசிக்காய்த் தோல். வறுத்த ரவையைப் பட்டரில் பிசைந்து ஊறவிட்டு, மற்றவற்றையெல்லாம் சேர்த்து, கடைசியாக நுரைக்க அடித்த வெள்ளைக்கருவைக் கலந்து, பல மடிப்புக் கடதாசி விரித்த தட்டில் 150 பாகை சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவிடுவார்கள். அடி தீயாமல் உள்ளே ஈரம் நிற்பதற்குத்தான் அத்தனை கடதாசி.

வெட்டுமுகத்தில் மேலே மெல்லிய பழுப்புத் தோல், தொட்டால் உடையும்படி. அதன் கீழே பொன்னிறத்தில், மணல்மணலாக, ஈரமாக ஒரு உடம்பு. தோலும் உடம்பும் இரண்டாகத் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நிறமாக, ஒரே உலர்வாக இருந்தால் சூடு கூடிவிட்டது. அடியில் பிசுபிசுப்பான பட்டை ஓடினால் ரவை ஊறவில்லை. பிறகு கஜுவைத் தேடுங்கள். கையால் வெட்டிய கஜு கோணல் துண்டுகளாகத் தெரியும், பல்லில் அகப்படும். மெஷினில் அரைத்தால் எண்ணெய் கக்கி, கேக்கை இறுக்கிவிடும். அப்படியே மூக்கருகே கொண்டுபோங்கள். முதலில் கறுவாவும் பட்டரும் மணக்க வேண்டும், பன்னீர் கடைசியில் வர வேண்டும். பன்னீர் முந்திக்கொண்டால் கை கூடிப் போட்டிருக்கிறார்கள். இனிப்பு மிகுந்த கேக் என்பதால் ஓர் அங்குலச் சதுரம் போதும். இடையிடையே சீனி போடாத சாயத் தேத்தண்ணி குடியுங்கள், நாக்கு தெளியும்.

அப்படிப் பார்த்துச் சாப்பிட்ட பிறகு செய்தவரிடம் அளவு கேட்பதைவிட, "அன்ரி, கஜுவைக் கையாலயா வெட்டினீங்கள்?" என்று கேளுங்கள். அவர் முகம் மலரும். அளவும் தானாக வரும், அதோடு புத்தகத்தில் இல்லாத சங்கதிகளும் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே ரிச் கேக். பிளம்ஸ், சுல்தானா, இஞ்சித் தோசி, சௌ சௌ தோசி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் பிராண்டியில் வாரக்கணக்காக ஊறவைத்து, ரவையும் மஞ்சட்கருவும் சேர்த்து, குறைந்த சூட்டில் சுடுவது. கலியாண வீட்டில் வெள்ளித்தாளில் சுற்றித் தரும் சின்னத் துண்டும் இதுதான். அதைக் கைப்பையில் போட்டு மறந்துவிடாதீர்கள். பிரித்து, கடிக்காமல், கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். எந்தப் பழம் எது என்று பெயர் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே கறுத்த பழுப்பில் இழைந்திருக்க வேண்டும். பழங்கள் அடியில் போய்த் தங்கியிருக்கக்கூடாது. துகள் உதிரக்கூடாது. பழத்தை நறுக்குவதில் சோம்பல் பட்டவரின் கேக் இங்கே தப்பவே முடியாது.

செய்து பார்க்க நினைப்பவர்கள் லவ் கேக்கில் கை வைக்க வேண்டாம். முதலில் பிஸ்கட் புடிங், அது கோடு கலங்காமல் வந்தபின் வட்டிலாப்பம், அதன் பிறகு மற்றவை. இந்த நத்தாருக்கு ரிச் கேக் வெட்ட ஆசையென்றால் புறக்கோட்டைக்குப் போய் வேண்டியதை வாங்கி, நவம்பர் முதல் வாரத்துக்குள் பழங்களை நறுக்கி ஊறப்போட்டுவிடுங்கள். டிசம்பரில் தொடங்கினால் பிந்திவிடும்.