துறவுடை களைந்த எபிரேய அறிஞர்

எபிரேயப் பேரறிஞர் கேசா வெர்மெஷ் 1998-இல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். 'அருள் கூட்டிய தற்செயல்கள்' எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கிய அந்நூல், நம் இல்லங்களிலும் பேசப்பட வேண்டியதொன்று.

அன்னார் 1924-இல் ஹங்கேரியின் மாக்கோ நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்தார். 1931-இல் பெற்றோருடன் கத்தோலிக்கரானார். நாஜிக் கொடுமையோ ஞானஸ்நானத்தைப் பாராது பிறப்பையே பார்த்தது. 1944-இல் பெற்றோர் அதற்கு இரையாயினர். உயிர் தப்பிய மகன் பாதிரியாராகி, பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் 1953-இல் சாக்கடற் சுருள்களை ஆராய்ந்து முனைவரானார். 1957-இல் துறவைக் களைந்தார். பின்னர் முன்னோர் சமயத்திற்கே திரும்பினார். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக விளங்கி 2013-இல் மறைந்தார்.

அச்சுருள்களை 1947-இல் கும்ரான் குகையில் முதலிற் கண்டவர்கள் பதவி இடையர்கள். பின்னர்க் கிடைத்தவற்றுள் பெரும்பகுதியை அறிஞர் சிலரே பல்லாண்டு தம் வசம் வைத்திருந்தனர். வெர்மெஷ் அதனை வன்மையாகக் கண்டித்தார். வெளிவந்த சுருள்களை 1962-இலேயே ஆங்கிலத்தில் தந்தார். 1991-இற்றான் கதவு முற்றும் திறந்தது. கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து எழுதும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். இங்கே சிலையாக நிற்கும் வல்வில் ஓரியின் வள்ளன்மையை இன்று எவரும் படித்தறிய முடிகிறதென்றால், உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை ஏட்டிலிருந்து அச்சேற்றியதாலன்றோ? ஏட்டைக் காப்பது பாதிக் கடன். உலகுக்கு அளிப்பது மீதிக் கடன்.

1973-இல் வெளிவந்த 'யூதராகிய இயேசு' என்னும் நூலே அன்னாரின் புகழுக்கு முதற்காரணம். 'மனுஷ குமாரன்' என்பது, அரமேய வழக்கில் பேசுபவர் தம்மையே குறிக்கும் சொல் என்பது அவர் முடிபு. இயேசுவுக்குத் தெய்வத்தன்மை கற்பித்தது பிற்கால வளர்ச்சி என்றும் அவர் வாதிட்டார்.

இதைக் கேட்டதும் வாதமேடைக்கு ஆயுதம் கிடைத்ததென நம்மவர் சிலர் மகிழக்கூடும். அது நேர்மையன்று. கன்னிப் பிறப்பை வரலாறாக ஏற்காதவரும் இதே அறிஞர்தாம். மர்யம் (அலை) அவர்களின் மகனாய்த் தந்தையின்றிப் பிறந்த ஈஸா நபி (அலை) அவர்களை நம்பும் நாம், அவரது சாட்சியில் பாதியை முழங்கிப் பாதியை மறைக்கலாமா? மொழிப்புலமை ஒரு நபியின் சொல்லை விளக்கும். நபித்துவத்தை அளக்க அது கோலாகாது. இவ்வேறுபாட்டை வெளிப்படையாகக் கூறிவிட்டு அவரைப் படிப்பதே முறை.

பிறர் வேதத்தைப் பற்றி வாய் திறக்குமுன் அதன் மொழியைக் கற்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம். அரபியின் உடன்பிறப்பு எபிரேயம். 'ஸலாம்' சொல்லும் நாவுக்கு 'ஷாலோம்' அயற்சொல்லாகுமா?