நிற்க வைத்துப் போடும் கோடு

மார்பகக் குறைப்பு அறுவையில் நான் வியப்பது கத்திக்கு முந்தைய கட்டம். மயக்க மருந்து கொடுக்கும் முன்பே பெண்ணை நிற்க வைத்து, தோலில் பேனாவால் கோடு போடுகிறார் மருத்துவர். படுத்தால் மார்பு சரிந்து அளவெல்லாம் மாறிவிடும். இந்தக் கோட்டுக்கு 1956-இல் மருத்துவர் ராபர்ட் வைஸ் வெளியிட்ட சாவித்துவார வடிவம் இன்றும் புழக்கத்தில் உண்டு. பிராவுக்குத் துணி வெட்டும் முறையைப் பார்த்து அவர் வகுத்தது அது!

அதைவிட நுட்பம் உள்ளே. முலைக்காம்பைத் தனியே அறுத்தெடுக்காமல், ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் திசுப்பட்டையோடு விட்டுவைத்து மேலே ஏற்றுகிறார்கள். அதனால் உணர்ச்சி பெரும்பாலும் தங்குகிறது. பிறகு பாலூட்டவும் பலரால் முடிகிறது. நங்கூர வடிவில் தழும்பு விழும்தான். ஆனால் தோளில் பிராப் பட்டை அழுத்திய பள்ளத்தையும் ஓயாத கழுத்துவலியையும் சுமந்தவர்களைப் பார்த்தால், இதை வெறும் அழகுச் சிகிச்சை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.