எள்ளல் கடந்த நகை

நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைக் குறிப்பிடுகிறார். அவற்றுள் எள்ளல் ஒன்று, மடன் மற்றொன்று. பிறர் சொன்னதை உண்மையெனப் பற்றிக்கொண்டு விடாதிருக்கும் இயல்பே மடன் என்பது உரை விளக்கம். பகடி என்றதும் நாம் எள்ளலையே நினைக்கிறோம். ஆனால், 1999-இல் வெளிவந்த 'கேலக்ஸி குவெஸ்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைச் சுவைஞர் வரவேற்ற விதம், அந்த எண்ணத்தை நாம் மீண்டும் ஆராயும்படி செய்கிறது.

டீன் பாரிசோ இயக்கிய இப்படம், 'ஸ்டார் டிரெக்' என்னும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடரையும் அதன் ரசிகர்களையும் பகடி செய்வது. அத்தொடர் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பாயிற்று. அது நிறுத்தப்படலாம் என்ற பேச்சு எழுந்தபோது கடிதங்களை எழுதிக் குவித்தவர்கள் அதன் ரசிகர்கள். பின்னாளில் மாநாடுகள் கூட்டி, கதைமாந்தரின் சீருடை அணிந்து, இல்லாத விண்கலத்தின் பொறி நுட்பங்களை விவாதித்தவர்களும் அவர்களே. அவர்கள் ஊரார் நகைப்புக்கு ஆளானதில் வியப்பில்லை. தங்களையே திரையில் ஏற்றும் பகடியைக் கண்டு அவர்கள் சினந்திருந்தாலும் நாம் குறை கூற முடியாது.

நிகழ்ந்ததோ வேறு. உலக அறிவியல் புனைவு மாநாட்டு உறுப்பினர்களின் வாக்குகளால் வழங்கப்படும் ஹியூகோ விருது, 2000-ஆம் ஆண்டில் இப்படத்துக்குக் கிடைத்தது. 'தி மேட்ரிக்ஸ்' என்னும் பெரும்படமும் அன்று போட்டியில் இருந்தது. 2013-இல் லாஸ் வேகாஸ் நகரில் கூடிய ஸ்டார் டிரெக் ரசிகர்கள், அதுவரை வந்திருந்த பன்னிரண்டு ஸ்டார் டிரெக் படங்களோடு இந்தப் பகடியையும் சேர்த்து வரிசைப்படுத்தி, அதற்கு ஏழாம் இடம் தந்தனர். ஆறு அசல் படங்களைவிட இப்பகடியே மேல் என்பது அவர்கள் தீர்ப்பு.

இதன் காரணம் கதையிலேயே உள்ளது. பொய் என்பதையே அறியாத தெர்மியர் என்னும் வேற்றுலகத்தார், ஒரு பழைய விண்வெளித் தொடரைக் கண்டு அதை மெய்யான வரலாறு என நம்புகின்றனர். அதில் கண்டபடியே விண்கலம் ஒன்றைக் கட்டுகின்றனர், அது இயங்குகிறது. பகைவனிடமிருந்து தங்களைக் காக்குமாறு, வாய்ப்பிழந்து மாநாட்டு மேடைகளில் காலந்தள்ளும் அத்தொடரின் நடிகர்களை அழைக்கின்றனர். தெர்மியரின் பேதைமை கண்டு முதலில் நாம் சிரிக்கிறோம். பின்னர் டிம் ஆலன் ஏற்ற தலைவன், பகைவனின் நெருக்குதலால், 'யாவும் நடிப்பே' எனத் தெர்மியர் தலைவனிடம் ஒப்புக்கொள்ள நேர்கிறது. கேட்பவனின் முகம் வாடுகையில் நம் சிரிப்பும் அடங்கிவிடுகிறது.

ஆலன் ரிக்மன் ஏற்ற நடிகனோ, தொடரில் தனக்கு வாய்த்த ஒற்றை வசனத்தை அருவருப்பவன். தன்னைத் தந்தையெனப் போற்றிய தெர்மிய இளைஞன் உயிர்விடும் வேளையில், அதே வசனத்தை அவன் நெஞ்சாரச் சொல்கிறான். மாநாட்டில் கடிந்து விரட்டப்பட்ட ரசிகச் சிறுவனின் வீண் அறிவே இறுதியில் கலத்தில் சிக்கியோருக்கு வழிகாட்டுகிறது.

ரசிகர்களை முகத்துதி செய்தே இப்படம் அவர்களது வாக்கைப் பெற்றது எனச் சிலர் வாதிடலாம். பகைவனை வீழ்த்தும் காட்சிக்கு மாநாட்டுக் கூட்டமே கைதட்டுவதும், நின்றுபோன தொடர் மறுபடி தொடங்குவதும் சற்று மிகையான இனிப்பே என்பதை நாமும் மறுக்கவில்லை. எனினும், முகத்துதி பாடுபவன் அந்த ஒப்புதல் காட்சியை எழுதியிருக்க மாட்டான். கற்பனை கற்பனையே என்று படம் ஒளிக்காமல் சொல்கிறது. அக்கற்பனையை நம்பி எளியோர் வளர்த்துக்கொண்ட துணிவும் தோழமையும் பொய்யல்ல என்றும் அதே மூச்சில் சொல்கிறது.

ஒன்றின்மீது அன்பு கொண்டவரே அதன் குறைகளையும் நன்கறிவர். ஆகவே ஒரு பகடி பழுதற்றதா என அறிய விரும்பினால், அதில் நகைக்கப்பட்டவரை நாம் கேட்க வேண்டும். இப்படத்தைப் பொறுத்தவரை அவர்கள் இருமுறை வாக்களித்து விடை சொல்லிவிட்டார்கள்.