வினை முன்னே, வழி பின்னே

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையாசிரியர் ஹெமிங்வேயின் கதை ஒன்றைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். எந்தக் கதை என்பதை என் இஷ்டத்துக்கே விட்டுவிட்டார். 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' என்ற கதையை எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சோம்பேறித்தனம்தான் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் அதில் அநேகமாக இல்லை. ஒருவன் ரயிலை விட்டு இறங்குகிறான், நடக்கிறான், கூடாரம் அடிக்கிறான், சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறான், மறுநாள் மீன் பிடிக்கிறான். அவ்வளவுதான் கதை. பத்து நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடித்தும் விட்டேன்.

முடித்ததை வழக்கம்போல என் மனைவியிடம் கொடுத்தேன். நாலைந்து பக்கம் படித்தவள் நிமிர்ந்து, "இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் பறக்குது? யாராவது துரத்தறாங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அவசரப்படாமல் இருப்பதில்தான் அந்தக் கதையின் உயிரே இருக்கிறது. 1925-ல் வெளிவந்த கதை அது. நிக் என்ற இளைஞன் அமெரிக்காவில், மிச்சிகன் மாகாணத்தின் வடக்கே, ஸெனி என்ற சிற்றூரில் இறங்குகிறான். ஊர் தீயில் எரிந்து போயிருக்கிறது. பாலத்தின் மீது நின்று வெகுநேரம் தண்ணீரில் மீன்களைப் பார்க்கிறான். பிறகு மூட்டையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போகிறான். ஹெமிங்வே 1918-ல் இத்தாலியப் போர்முனையில் காயம்பட்டவர். 1919-ல் அந்த ஸெனி பக்கம் மீன் பிடிக்கப் போனவர். இது யுத்தத்திலிருந்து திரும்பியவனின் கதை என்று அவரே எழுதி வைத்தார். அவர் மறைந்த பிறகு 1964-ல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் அது இருக்கிறது. ஆனால் கதைக்குள் யுத்தத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. இருப்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்படும் சிறு காரியங்கள். ஒரு காரியம் முடிந்த பிறகே அடுத்ததை நினைக்கிறான். முன்கூட்டி நினைத்தால் மனசு எங்கே போய் நிற்குமோ என்ற பயம். இப்பேர்ப்பட்டவனை நான் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன்போல ஆக்கியிருக்கிறேன்!

எங்கே பிசகினேன் என்று பார்க்க மூலத்தையும் என் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அர்த்தத்தில் தவறில்லை. தவறு வாக்கியத்தின் நடையில் இருந்தது. நடை என்று நான் சொல்வது காலால் நடக்கிற நடையைத்தான்.

ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடுகிறது. "ஹி வென்ட்" என்றவுடன் ஆள் கிளம்பிவிட்டான். அப்புறம் "டௌன் தி ஹில்" என்று ஒரு துண்டு, "அக்ராஸ் தி பிரிட்ஜ்" என்று ஒரு துண்டு, "இன்டு தி பைன்ஸ்" என்று ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டும் ஓர் அடி. எந்தத் துண்டிலும் வாக்கியத்தை நிறுத்திக்கொள்ளலாம். எதுவும் அந்தரத்தில் தொங்காது. மலைச்சரிவோடு நிறுத்தினாலும் வாக்கியம் பூர்த்தியானதுதான், பாலத்தோடு நிறுத்தினாலும் பூர்த்தியானதுதான். நிக்குக்குத் தேவையானது சரியாக இதே வசதி. அடுத்த அடியைப் பற்றிக் கவலையில்லாமல் இந்த அடியை வைக்கலாம்.

நான் என்ன செய்திருந்தேன்? "சரிவில் இறங்கி, பாலத்தைக் கடந்து, பைன் மரங்களுக்கிடையே புகுந்து நடந்தான்" என்று எழுதியிருந்தேன். வரிசை மாறவில்லை, தமிழும் நல்ல தமிழ்தான். ஆனால் 'இறங்கி' என்றதும் வாசகன் காதைத் தீட்டிக்கொள்கிறான். இறங்கி, என்ன செய்தான்? கடந்து, என்ன செய்தான்? வினையெச்சம் என்று நம் இலக்கணக்காரர்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. எச்சம் மிச்சத்தைக் கேட்கும். ஒவ்வொரு எச்சமும் வாசகனை முதுகில் கைவைத்து முற்றை நோக்கித் தள்ளுகிறது. அரண்மனைக்குள் புகுந்து அரசியைத் தூக்கிக்கொண்டு குதிரையேறிப் பறக்கும் சரித்திரக் கதாநாயகனுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடையாது. நிக்குக்கு ஆகாது.

எச்சங்களையெல்லாம் முற்றாக்கிப் பார்த்தேன். இறங்கினான். கடந்தான். புகுந்தான். நடந்தான். அவசரம் போயிற்று, ஆனால் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வினை. அதன் பின்னே மூன்று வழித்துண்டுகள். நான் துண்டுக்கொரு வினையை நட்டு, வேலி போட்டது போல ஆக்கிவிட்டேன்.

இங்கே கொஞ்சம் இலக்கணம் பேசினால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் உபாத்தியாயர் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் 'எப்படி, எங்கே, எப்போது' என்ற வரிசையில் சொல்ல வேண்டும் என்று போதித்தார். (அந்த ரென், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை 1924-ல் எழுதிய அதே ரென் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் இலக்கணத்தை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு படித்திருப்பேன்.) வரிசையைச் சொன்னாரே ஒழிய, அந்த மூன்றும் வினையோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. 'மெதுவாக' என்று பொருள்படும் 'ஸ்லோலி' இருக்கிறதே, அது வாக்கியத்தின் தலையிலும் உட்காரும், வினைக்கு முன்னும் உட்காரும், வால் நுனியிலும் உட்காரும். ஆனால் "ஹி ஓபன்ட் ஸ்லோலி தி டோர்" என்று எழுதினால் ஆங்கிலேயன் முகம் சுளிப்பான். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே புக அதற்கு அநுமதி இல்லை; பொருள் மிக நீண்டுபோனால்தான் விதி தளரும். அதே சொல், "ஹி வென்ட் ஸ்லோலி டௌன் தி ஹில்" என்னும்போது தாராளமாக நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏனென்றால் 'டௌன் தி ஹில்' வினையோடு ஒட்டிப் பிறந்தது அல்ல, பக்கத்து வீடு. நடுவே ஒரு சந்து இருக்கிறது, காற்று வருகிறது.

இதை வைத்துக்கொண்டு ஒரு வேடிக்கையும் பார்க்கலாம். "ரான் அப் எ ஹில்" என்றால் குன்றில் ஏறி ஓடினான். "ரான் அப் எ பில்" என்றால் கடையில் கணக்கை ஏற்றிவிட்டான். காதுக்கு ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் முதலாவதில் 'ரான்' என்பதற்குப் பின் 'விரைவாக' என்ற சொல்லைச் செருகலாம். இரண்டாவதில் செருக முடியாது. அங்கே 'அப்' வினையோடு சேர்ந்துவிட்டது, சந்தை அடைத்துவிட்டார்கள். (கணக்கு நம்மூர் மளிகைக் கடையிலும் ஏறத்தான் செய்கிறது, பாருங்கள்.)

ஹெமிங்வேயின் வாக்கியத்தில் வினைக்குப் பிறகு இந்தச் சந்துகள் நிறைய. அவற்றை வினையடைகளால் நிரப்ப அவருக்கு மனம் வருவதில்லை. அறவே இல்லையென்று சொல்ல மாட்டேன். கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறார். காற்று வரட்டும் என்று விட்டுவிடுகிறார். நானோ என் தமிழில் காலியாகக் கண்ட இடத்திலெல்லாம் ஓர் 'ஆக' போட்டிருந்தேன். மெதுவாக நடந்தான், கவனமாக வைத்தான், அமைதியாகப் பார்த்தான். பதினெட்டுப் பக்கத்தில் 'மெதுவாக' மட்டும் இருபத்து மூன்று. எண்ணிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

இந்த 'ஆக' வியாதி எனக்கு மொழிபெயர்ப்பில் மட்டும் வந்ததல்ல. என் சொந்த நாவல்களை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் கதாபாத்திரங்கள் கோபமாகச் சொல்கிறார்கள், சோகமாகச் சிரிக்கிறார்கள், வேகமாக வெளியேறுகிறார்கள். ஆங்கில நாவல்களைப் படித்துப் படித்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அமெரிக்காவிலேயே 'சொன்னான்' என்பதற்கு வால் வைப்பதைக் கிண்டல் செய்ய 1963 வாக்கில் ஒரு விளையாட்டே கிளம்பியது. டாம் ஸ்விஃப்ட் என்ற பழைய சிறுவர் கதைகளின் பெயரால், வினையடையில் சிலேடை வைத்து ஒருவரை ஒருவர் சிரிக்க வைத்தார்கள். அவர்கள் சிரித்து ஒதுக்கியதை நாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டோம்.

என் மாமியார் ஒரு வாக்கியத்தில்கூட 'வேகமாக' என்று சொல்லி நான் கேட்டதில்லை. விறுவிறுவென்று போனான், குடுகுடுவென்று ஓடினாள், மடமடவென்று குடித்தான், சரசரவென்று ஏறினான் என்பார். இவற்றில் எதை எடுத்து எதன் இடத்தில் வைக்க முடியும்? குடுகுடுவென்று ஓடுவது குழந்தையோ கிழவியோதான். பட்டாளத்துக்காரன் குடுகுடுவென்று ஓட மாட்டான். சரசரவென்று ஏறுவதற்கு மரமோ படியோ வேண்டும். ஓடியது யார், ஏறியது எதில் என்பதெல்லாம் அந்த ஒலிக்குள்ளேயே பாதி வந்துவிடுகிறது. ஆங்கிலம் இந்த வேலையை வினைக்குள் வைக்கிறது. நொண்டி நடப்பதற்கு ஒரு வினை, உலாவுவதற்கு ஒன்று, களைத்துப்போய்க் காலை இழுத்து நடப்பதற்கு ஒன்று. திசையை மட்டும் 'அப்', 'டௌன்', 'இன்டு' என்று வெளியே வைத்துக்கொள்கிறது. நாம் தலைகீழ். திசையை வினைக்குள் வைத்திருக்கிறோம்: ஏறு, இறங்கு, கட, நுழை. நடந்த விதத்தை வெளியே வைக்கிறோம். அங்கே 'நீந்தினான், ஆற்றின் குறுக்கே'. இங்கே 'ஆற்றை நீந்திக் கடந்தான்'. பிரெஞ்சுக்காரர்களும் இந்த விஷயத்தில் நம் கட்சிதான்.

இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். "ஹி வாட்ச்ட் தி பாய் ஆன் தி பிரிட்ஜ்" என்கிறான் ஆங்கிலேயன். பாலத்தில் இருப்பது யார்? பையனா, பார்க்கிறவனா? அந்தத் துண்டு பையனோடும் சேரும், பார்த்த வினையோடும் சேரும். தமிழில் முடிவு செய்தே ஆக வேண்டும். பாலத்தில் நின்ற பையனைப் பார்த்தான். பாலத்தில் நின்று பையனைப் பார்த்தான். ஓர் உகரம் ஆளை இடம் மாற்றிவிடுகிறது. நமக்கு மயக்கமே கிடையாது என்று நான் பெருமை பேசவில்லை. 'நேற்று வந்த பையனைப் பார்த்தேன்' என்பதில், நேற்று என்பது வந்ததற்கா, பார்த்ததற்கா? ஒவ்வொரு பாஷையும் தனக்கு வேண்டிய இடத்தில் மங்கலை வைத்துக்கொள்கிறது. மூலத்தின் மங்கல் போய்த் தெளிவு வந்துவிட்டால், அதுவும் ஒரு நஷ்டம்தான்.

சரி, நிக்கை எப்படி நடக்க வைப்பது? வழி வீட்டிலேயே இருந்தது. மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்: "கிளம்பிட்டான், வெயில்லே, கையிலே ஒரு பையோட, மேலத் தெருப் பக்கமா." வினை முன்னே, வழியெல்லாம் பின்னே, ஒவ்வொன்றாக, நினைவுக்கு வரவர. இதை ஆங்கில நடை என்று யாரும் சொல்ல முடியாது. பேசும் தமிழ் என்றைக்கும் இப்படித்தான் பேசி வந்திருக்கிறது. எழுத உட்கார்ந்ததும்தான் நாம் வினையைக் கடைசியில் கொண்டுபோய்ப் பூட்டி வைக்கிறோம். செய்யுளோ பூட்டுவதே இல்லை. இலங்கையிலிருந்து திரும்பிய அநுமன் ராமனிடம் பேசும் இடத்தில் கம்பன் வினையைத்தான் முதலில் நிறுத்துகிறான். யாரை, எங்கே, எப்படி என்பதெல்லாம் பிறகு. ராமன் ஒரு சொல் நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்ற கருணை அது.

மறுபடியும் எழுதினேன். எல்லா வாக்கியத்தையும் திருப்பிப் போடவில்லை. போட்டால் அதுவே ஒரு செருக்காகிவிடும். நிக் நடக்கும் இடங்களில் மட்டும், அதிலும் சிலவற்றில், 'நடந்தான்' என்பதை முன்னே விட்டு வழியைப் பின்னே வரவிட்டேன். இருபத்து மூன்று 'மெதுவாக'வில் இரண்டை வைத்துக்கொண்டேன். அப்படியும் சில பாராக்கள் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்க வெட்கப்படுகின்றன. கூடாரத்துக்குள் அவன் ஊர்ந்து நுழையும் இடத்தை ஏழு தடவை மாற்றி எழுதியும் எனக்குத் திருப்தியில்லை. அந்த ஒரு காரியத்தில் அவனுக்கு வீடு கிடைத்துவிடுகிறது. என் வாக்கியத்தில் கூடாரம்தான் கிடைத்தது.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் எனக்குக் கடன்படாமல் கை கொடுத்தது. கதையின் முடிவில் ஆறு ஒரு சதுப்புக்குள் போகிறது. மரங்கள் நெருங்கிய, வெளிச்சம் குறைந்த, ஆழமான இடம். நிக் அன்றைக்கு அதற்குள் போக விரும்பவில்லை. ஆங்கிலத்துக்கு இங்கே உள்ளே என்று காட்ட ஒரு முன்னிடைச்சொல் வேண்டும். தண்ணீரை அளைந்துகொண்டு நடப்பதற்குத் தனி வினை வேண்டும். நமக்கு 'இறங்கு' போதும். ஆற்றில் இறங்குகிறோம், களத்தில் இறங்குகிறோம், ஒரு காரியத்தில் இறங்குகிறோம். இறங்கினால் சுலபத்தில் ஏற முடியாது என்பதும் அந்தச் சொல்லுக்குத் தெரியும். 'அன்றைக்குச் சதுப்பில் இறங்க அவனுக்கு மனமில்லை' என்று எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் வந்த புரூஃபில் யாரோ அதைச் 'சதுப்பு நிலத்திற்குள் செல்ல அவன் விரும்பவில்லை' என்று திருத்தியிருந்தார்கள். அடித்துவிட்டு, பழையபடி 'இறங்க' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.